இது தெளிவா, அது தெளிவா?

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பின்னறை வேலை. முன்பக்கம் முதலாளி கண்ணைச் சோதித்து, எந்தக் கண்ணுக்கு எவ்வளவு பவர் என்று அட்டையில் எழுதி உள்ளே தருவார். அவள் லென்ஸை எடுத்து, ஃபிரேமின் வடிவத்துக்கு மெஷினில் அறுத்து, ஓரத்தைத் தேய்த்து, பொருத்தி, எள்ளளவு திருகாணியை முடுக்கி வெளியே கொடுப்பாள். கடையில் ஆள் என்று இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். பல வருஷமாக அப்படித்தான்.

நடுவில் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுவை, ஊசி மருந்து, கதிர் என்று ஒரு வருஷம் போல வேலைக்கு வர முடியவில்லை. முதலாளி அவளுடைய இடத்தில் வேறு யாரையும் வைக்கவில்லை; லென்ஸ்களை வெளியே கொடுத்து அறுத்து வாங்கிச் சமாளித்தார். அவ்வப்போது வீட்டுக்கும் வந்து பார்த்தார். ஒரு தடவை, அவள் சாப்பிட முடியாமல் திணறுவதைப் பார்த்துவிட்டு, "எவர்சில்வர் ஸ்பூன் வேணாம்மா. பிளாஸ்டிக் ஸ்பூன்ல சாப்பிட்டுப் பாரு, வாய் இரும்பு மாதிரி கசக்காது" என்றார். சொன்னபடி செய்தாள், கசப்பு குறைந்தது. இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டபோது, சொந்தக்காரர் ஒருவருக்கு வந்திருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சிகிச்சை முடிந்து இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஸ்கேன் சுத்தம். தலைமுடி முன்பு இல்லாத ஒரு சுருட்டையோடு காதுவரை வளர்ந்துவிட்டது. பார்க்கிறவர்கள் முகத்தில் களை வந்துவிட்டது என்றார்கள். அவளுடைய கணவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்கு ரிப்பேருக்குப் போனாலும், ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரிடமும் தன் மனைவி கேன்சரை ஜெயித்த கதையைச் சொல்லாமல் விடமாட்டான்.

சிக்கல் என்னவென்றால், ஜெயித்தவளால் மாடிப்படி ஏற முடியவில்லை.

அது வேலை செய்து வருகிற அசதி இல்லை. தூங்கினால் போகிற அசதியும் இல்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே யாரோ ஈரப் போர்வையைத் தோளில் போட்டுவிட்டுப் போனதுபோல வந்து இறங்கும். சில நாள் வராது. வராத நாளில் விட்டுப்போன வேலையெல்லாம் ஞாபகத்துக்கு வர, அலமாரியை ஒழித்து, ஜன்னலைத் துடைத்து, துணி மூட்டையைத் துவைத்துப் போடுவாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் கட்டிலே கதி.

உடம்போடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தலையும் சேர்ந்துகொண்டது. ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பாள். தினமும் கையில் பிடிக்கிற ஸ்க்ரூடிரைவருக்குப் பெயர் வராமல், "அதைக் குடு, அந்தத் திருப்பறதை" என்று மகளிடம் கேட்பாள். கல்லூரியில் படிக்கும் மகள் சிரிப்பாள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அந்தப் பெயரைத் தனக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதைக் கெடுப்பானேன்? தவிர, அவளுக்கே தன்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு வருஷம் படுத்துச் சாப்பிட்டுப் பழகிவிட்டோமோ, உடம்பு வளைய மாட்டேன் என்கிறதோ என்று.

அந்தச் சமயத்தில்தான் டீச்சரின் கண்ணாடி விவகாரம் வந்தது.

அந்த டீச்சர் பக்கத்துப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறவர். புதுக் கண்ணாடி வாங்கிப் போன சில நாளில் திரும்பி வந்தார். புதுசு கையில் இருந்தது, முகத்தில் பழைய கண்ணாடி. போட்டால் தரை சாய்கிறது, கரும்பலகையில் எழுதினால் கோடு மேலே ஏறிப் போகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துபோயிருந்தார். அவள் இரண்டு கண்ணாடியையும் வாங்கி லென்ஸின் பவரைக் கருவியில் வைத்துப் பார்த்தாள். பழையதோடு ஒப்பிட்டால், புதியதில் வலது கண்ணுக்கு உரியது இடது பக்கமும் இடது கண்ணுக்கு உரியது வலது பக்கமும் இருந்தன.

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தப்பு நடந்ததில்லை. மன்னிப்புக் கேட்டாள். முதலாளி குறுக்கே வந்து, பழைய அட்டையை எடுத்துக் கிழித்துக் குப்பையில் போட்டார். டீச்சரை மறுபடி சோதனை அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புதிதாகச் சோதித்து, புது அட்டை எழுதித் தந்தார். அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒரே யோசனையாக உட்கார்ந்திருந்தாள். நோய் திரும்பி வந்துவிட்டது, இந்தத் தடவை மூளைக்கு. வேறென்னவாக இருக்க முடியும்?

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். தைராய்டு, இரும்புச்சத்து, என்னென்னவோ பார்த்தார்கள். டாக்டர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் நார்மல் என்றார். கணவன் பெருமூச்சு விட்டான். வெளியே நடைக்கூடத்தில் வந்ததும், ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதே, இனி தைரியமாக இரு என்றான்.

"ஒண்ணும் இல்லைன்னா, அப்ப இது என்னங்க?" என்றாள் அவள்.

லிஃப்டிலும் இப்படி வரும் என்றான் அவன். மோட்டார் நன்றாக இருக்கும், வயர் நன்றாக இருக்கும், கதவு நன்றாக இருக்கும், ஆனால் நடுவில் நின்றுவிடும். அப்போது என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம்" என்றான். பாவம், உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மருந்துத் தள்ளுவண்டியோடு வந்த நர்ஸ் ஒருத்தி வண்டியை நிறுத்தினாள். சிகிச்சை முடிந்த பிறகும் நிறையப் பேருக்குக் களைப்பு தங்கிவிடும், மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில்கூட இருக்கும், ரத்தத்திலோ ஸ்கேனிலோ அகப்படாது, ஆனால் நிஜம் என்றாள். அதற்கென்றே ஆன்லைனில் ஒரு வகுப்பு நடத்துகிறோம், சேருகிறீர்களா என்று கேட்டாள். அவள் தலையாட்டினாள். ஆட்டும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. நிம்மதியா வருத்தமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பெயர் இருக்கிறது, நோய் இல்லை. இப்படி ஒன்றை வீட்டில் எப்படி விளக்குவது?

வகுப்பு என்றால் கொஞ்சம் வீடியோக்கள். வேண்டியபோது போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை மதிய நேரத்தில் எல்லாரும் நேரலையில் கூடுவார்கள். அதே நர்ஸ்தான் நடத்தினாள். டாக்ஸி ஓட்டுகிறவர் ஒருவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு வருவார். மடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வருவாள். இன்னும் சிலர். திரையில் அந்த முகங்களுக்கு நடுவே ஒரு கறுப்புக் கட்டமும் இருக்கும். பெயர் கொடுக்காமல் சேர்ந்தவர். திரையில் 'விருந்தினர்' என்று மட்டும் இருந்தது. படம் காட்டமாட்டார், பேசமாட்டார், எப்போதாவது ஒரு வரி எழுதி அனுப்புவார். நர்ஸ் அவரை 'விருந்தினர் சார்' என்றே கூப்பிட்டாள். ஆணா பெண்ணா என்று தெரியாமலே சார் ஆக்கிவிட்டீர்களே என்று டாக்ஸிக்காரர் கேட்டதற்கு, அந்தக் கட்டத்திலிருந்து 'சார்தான்' என்று ஒரு வரி வந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் வீடியோவில், களைத்துப்போன பிறகு ஓய்வெடுப்பதில் பயனில்லை, களைத்துப்போவதற்கு முன்பே ஓய்வெடுங்கள் என்று சொன்னார்கள். சரியாகத்தான் பட்டது. அடுத்த வீடியோவில், களைப்பாக இருந்தாலும் எழுந்து கொஞ்சம் நடங்கள், சும்மா படுத்தே கிடந்தால் களைப்பு கூடும் என்றார்கள். அவள் இரண்டையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். படுக்கச் சொல்கிறார்களா, நடக்கச் சொல்கிறார்களா?

வீட்டில் ஆளுக்கு ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கணவன் நடைப் பாடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷூவை எடுத்து வைத்துக்கொண்டு கட்டில் அருகே நிற்பான். மகள் ஓய்வுப் பாடம். அம்மா காய் நறுக்க உட்கார்ந்தால் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு படுக்கச் சொல்வாள். ஒருத்தர் எழுப்பிவிட ஒருத்தர் படுக்கவைக்க, பாதி நாள் வீட்டுக் கூடத்தில் நடுவாந்தரமாக நின்றுகொண்டிருந்தாள் அவள்.

ஒரு வாரம் நேரலையில் துணிந்து கேட்டுவிட்டாள். "மேடம், எனக்கு வர்றது களைப்பா, சோம்பேறித்தனமா? எப்படிக் கண்டுபிடிக்கறது?"

நர்ஸ் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கறுப்புக் கட்டத்திலிருந்து எழுத்து வந்தது. 'எனக்கும் இதே சந்தேகம். விடை தெரிந்தால் சொல்லவும்.'

நர்ஸ் சிரித்துக்கொண்டே விளக்கினாள். ஒரு வேலையைச் செய்ய மனசு இருந்தும் உடம்பு வரவில்லை என்றால் அது களைப்பு. மனசே இல்லை என்றால் அது வேறு, அதையும் பேசலாம். படுப்பது, நடப்பது, இரண்டும் வேண்டும், ஆனால் எதுவும் அளவோடு. நல்ல நாளில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், கெட்ட நாளில் எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள். கூட இருப்பவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள், இதுதான் பாதி மருந்து என்றாள்.

அவள் யோசித்துப் பார்த்தாள். லென்ஸ் அறுக்க மனசு இருந்தது. துணி மடிக்க மனசு இல்லை. அப்படியென்றால் பகலில் நோயாளி, சாயங்காலம் சோம்பேறியா? கூட இருப்பவர்களிடம் சொல்ல வேண்டும் என்றால் முதலில் முதலாளியிடம்தான் சொல்ல வேண்டும். டீச்சர் கண்ணாடிக்குப் பிறகு அவள் ஒவ்வொரு லென்ஸையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கையில் வலது இடது என்று பேனாவால் எழுதிக்கொண்டு வேலை செய்தாள். சாயங்காலத்தில் கண் இருட்டும். முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

மதிய இடைவேளையில் முதலாளி காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். அவள் பின்னறையில் மெஷினை அணைத்துவிட்டு வகுப்பில் சேர்ந்துகொள்வாள். அந்த வாரம் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டிருந்தார்கள். காது பிளக்கிற சத்தம். இன்றைக்கு வகுப்பை வீட்டில் போய்க் கேட்டுக்கொள்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். பின்வாசல் வரை போனதும் அந்த ஈரப் போர்வை வந்து இறங்கிவிட்டது. பஸ் நிறுத்தம் வெகு தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றியது. சத்தமில்லாமல் திரும்பி வந்து, லென்ஸ் வரும் அட்டைப்பெட்டிகளைப் பலகைத் தடுப்புச் சுவரோரம் வரிசையாகப் போட்டு, அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்து போனை எடுத்தாள். நல்லவேளை, தோண்டுகிறவர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். கடை அமைதியாக இருந்தது.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. நர்ஸ், இன்றைக்கு விருந்தினர் சார் முதல்முறையாகப் பேசப்போகிறார், வகுப்புக்கு முன்பே கேட்டு வைத்திருக்கிறார் என்றாள். கறுப்புக் கட்டத்தின் ஓரம் பச்சையாக மின்னியது.

"எல்லாருக்கும் வணக்கம்" என்று சுவர் சொன்னது.

பிறகு போன் சொன்னது, "எல்லாருக்கும் வணக்கம்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தெரிந்த குரல். ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து? "எனக்குக் குடல்ல வந்துச்சு. சரியாகி நாலஞ்சு வருஷம் ஆகுது" என்றது பலகைத் தடுப்பு. அதையே போன் மறுபடி சொன்னது. எதிரொலி என்றால் போனில் கேட்டது பிறகு சுவரில் கேட்க வேண்டும். இங்கே சுவரில் கேட்டது பிறகு போனில் கேட்டது. தலைக்குள் இருக்கிற மந்தம் இப்போது காதுக்கும் வந்துவிட்டது என்று நிச்சயமாக நம்பினாள். பேசாத குரல் கேட்கிறது, அதுவும் இரண்டு தடவை. நாளைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஒலியைக் குறைத்தாள். போன் மௌனமானது. சுவர் பேசிக்கொண்டே இருந்தது.

"நான் கண்ணு டெஸ்ட் பண்றவன். இருட்டு ரூம்ல உக்காந்து, ஒரு லென்ஸ் போட்டு இது தெளிவா இருக்கான்னு கேப்பேன். இன்னொண்ணு போட்டு அது தெளிவா இருக்கான்னு கேப்பேன். அவங்க 'அது'ம்பாங்க. எனக்கு எது இது, எது அதுன்னு மறந்துபோயிருக்கும். மறுபடி கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு, ஒரு குத்துமதிப்பா எழுதிடறேன். முதல்லல்லாம் இப்படி இல்ல. யார்கிட்டயும் இதைச் சொன்னதில்ல."

அவள் எழுந்தாள். பின்னறையைத் தாண்டி, கண்ணாடி அடுக்குகளைத் தாண்டிச் சோதனை அறையின் கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டில், சோதிக்க வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருந்தார். கையில் போன். எதிரே எழுத்துப் பலகை மட்டும் விளக்கொளியில் வெள்ளையாக இருந்தது.

அவரும் பேய் அறைந்ததுபோலத்தான் பார்த்தார். கையிலிருந்த போனையும் வாசலில் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ வீட்டுக்குப் போகலையாம்மா?"

"பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்க முடியல சார்."

"எனக்கு வண்டிய எடுக்க முடியல. முன்னாடி குழி."

போனுக்குள்ளிருந்து நர்ஸ், "சார், உங்க பக்கத்துல யாரோ இருக்காங்களா?" என்று கேட்டாள். முதலாளி என்ன செய்வது என்று தெரியாமல் அழைப்பை அப்படியே துண்டித்துவிட்டார்.

அவளுக்குக் கேட்க நிறைய இருந்தது. எதை முதலில் கேட்பது என்று தெரியாமல், பிளாஸ்டிக் ஸ்பூனைப் பற்றிக் கேட்டாள். அந்தச் சொந்தக்காரர் நீங்கள்தானா? அவர் தலையாட்டினார். வெளிநாட்டில் தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று கடையைச் சில மாதம் பூட்டி வைத்தாரே, அப்போது மருத்துவமனையில் இருந்தார். அவர் மருந்துக்கு முடி கொட்டவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. கண்ணைச் சோதிக்கிறவனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் யார் வந்து கண்ணைக் காட்டுவார்கள் என்று பயந்தார். அவளுக்கு வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்து வீட்டுக்கு வந்தார். ஸ்பூனைப் பற்றிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். வகுப்பில் அவளைப் பார்த்த முதல் நாளிலிருந்தே வெளியேறிவிட நினைத்துக்கொண்டிருந்தார். அவள் சோம்பேறித்தனத்தைப் பற்றிக் கேட்டதும் இருந்துவிட்டார்.

"நேர்ல சொல்ல வாய் வரலம்மா. அங்க பேசினா, குரலை வச்சு நீயே புரிஞ்சுக்குவேன்னு நினைச்சேன்."

புரிந்துகொண்டாள். ஆனால் புரிந்துகொண்டதும் வேறொன்று தலையைத் தூக்கியது.

"அப்ப அந்த டீச்சர் கண்ணாடி?"

அவர் எழுத்துப் பலகையைப் பார்த்தார். "அதான் எனக்கும் தெரியல. நான் அட்டையில வலதும் இடதும் மாத்தி எழுதிட்டேனா, நான் சரியா எழுதியிருந்து நீ மாத்தி வச்சுட்டியா."

அட்டையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்று அவள் பார்க்கவில்லை. லென்ஸ் மாறியிருந்ததுமே தன் தப்புதான் என்று ஏற்றுக்கொண்டுவிட்டாள். அட்டையை அவர்தான் கிழித்தார்.

"ஏன் சார் கிழிச்சீங்க?"

"கிழிச்சது ஞாபகம் இருக்கு. ஏன் கிழிச்சேன்னு ஞாபகம் இல்ல. புதுசு எழுதணும்னு பழசைக் கிழிச்சிருக்கலாம். மாட்டிக்குவோம்னு பயத்துல கிழிச்சிருக்கலாம். எத்தனையோ தடவை யோசிச்சுப் பார்த்துட்டேன். ரெண்டும் நிஜம் மாதிரிதான் இருக்கு."

அவளும் யோசித்தாள். அந்த நாளை ஞாபகத்துக்குக் கொண்டுவரப் பார்த்தாள். மெஷினின் சத்தம் ஞாபகம் வந்தது. தண்ணீர் பீய்ச்சுவது ஞாபகம் வந்தது. அது அந்த நாளின் சத்தமா, வேறு நாளின் சத்தமா? நான்தான் மாற்றிப் பொருத்தியிருப்பேன் என்றாள். அவர், இல்லை, நான்தான் மாற்றி எழுதியிருப்பேன் என்றார். நீ அப்படிப்பட்டவள் இல்லை என்றார் அவர். நீங்களும் இல்லை என்றாள் அவள். தப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து ஓய்ந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவர் நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் மறுபடி தோண்ட ஆரம்பித்தார்கள். அதற்குமேல் எதையும் பேச முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். கணவனுக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதமாக இவளைக் குற்றவாளி மாதிரி நடமாட விட்டுவிட்டு அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாரே, நாளைக்கே வேலையை விட்டுவிடு என்றான். மகளுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷம் தனியாகச் சுமந்திருக்கிறாரே, பாவம் அம்மா என்றாள். அவளுக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் பட்டது. கோபம் இருந்தது, அது நிஜம். டீச்சர் திரும்பி வந்த நாளிலிருந்து அவள் தன் கையையே நம்பாமல் வலது இடது என்று அதில் எழுதிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? ஆனால் அந்த இருட்டு அறையில், நோயாளி நாற்காலியில் அவரைப் பார்த்தபோது, தன்னைத் தவிர இன்னொருவருக்கும் 'எது இது, எது அது' என்று மறந்துபோகிறது என்று கேட்டபோது, நெஞ்சுக்குள் ஏதோ இளகியதே, அதுவும் நிஜம்தான்.

கணவன் இப்போது நடக்கக் கூப்பிடவில்லை. அவளே ஷூவை எடுத்தாள். வீட்டைச் சுற்றி இருந்த தெருவில் மெதுவாக ஒரு சுற்று நடந்தாள். அவன் பக்கத்தில் வந்தான். பாதி வழியில், எனக்கு இன்னும் குணமாகவில்லை, குணமாகிவிட்டதாகக் கட்டடத்துக்குக் கட்டடம் சொல்லாதீர்கள் என்றாள். அவன் நின்றுவிட்டான். "அப்ப என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டான். நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

"தேறிட்டு வர்றான்னு சொல்லுங்க. மெதுவா."

அவன் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மறுநாள் அவள் வேலையை விடவில்லை. முதலாளியிடம் நேராகப் போய், கோபமாக இருக்கிறேன், எவ்வளவு நாள் இருக்கும் என்று தெரியாது என்றாள். அவர் சரி என்றார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து, வேலையை எப்படிச் செய்வது என்று பேசினார்கள். அவர் எழுதுகிற அட்டையை அவள் வாங்கும்போது, சோதனைக்கு வந்தவரையே மறுபடி ஒருமுறை இரண்டு லென்ஸையும் போட்டுப் பார்க்கச் சொல்வாள். அவள் பொருத்திய கண்ணாடியை வெளியே கொடுப்பதற்கு முன் அவர் கருவியில் வைத்துப் பார்ப்பார். மறந்துபோனால் மறுபடி கேட்பது, கூச்சப்படக் கூடாது. மதியம் கடையைப் பூட்டிவிட வேண்டும். அவர் சோதனை அறை நாற்காலியைச் சாய்த்துப் படுத்துக்கொள்வார், அவளுக்குப் பின்னறையில் ஒரு மடக்குக் கட்டில்.

டீச்சருக்குப் போன் செய்து, தப்பு எங்கள் இரண்டு பேரில் யாருடையது என்று எங்களுக்கே தெரியவில்லை, ஆனால் உங்கள் கண் நன்றாக இருக்கிறது என்று முதலாளி சொன்னார். மறுமுனையில் டீச்சர் குழம்பிப்போய், இப்போதுதான் நன்றாகத் தெரிகிறதே, மறுபடி வர வேண்டுமா என்று கேட்டார்.

வகுப்பு முடிகிறவரை இரண்டு பேரும் போனார்கள், அவரவர் அறையிலிருந்து. முதலாளி படம் காட்டவில்லை. பெயரும் மாற்றவில்லை. ஆனால் பேசினார், சில சமயம் அதிகமாகவே பேசினார். கடைசி நாள் நர்ஸ் எல்லாரிடமும் களைப்பு குறைந்திருக்கிறதா என்று கேட்டாள். டாக்ஸிக்காரர் குறைந்திருக்கிறது என்றார். குழந்தையோடு வருகிற பெண், குறையவில்லை என்றாள். பின்னறையில் இருந்த அவளுடைய முறை வந்தபோது, அதே அளவுதான் இருக்கிறது போல, ஆனால் வரும்போது முன்புபோல் பயமாக இல்லை, இதைக் குறைந்தது என்று சொல்லலாமா கூடாதா என்று கேட்டாள். நர்ஸ் தாராளமாகச் சொல்லலாம் என்றாள். அவளுக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை.

மதியம் கடையைப் பூட்டுவது வாடிக்கையாளர் சிலருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் பூட்டைத் திறந்தபோது வாசலில் ஒரு பெரியவர் வெயிலில் நின்றிருந்தார். கையில் வளைந்துபோன கண்ணாடி. பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று சிடுசிடுத்தார். அவள் வழக்கம்போல மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் முதலாளி சொல்லிவிட்டார்.

"எங்க ரெண்டு பேருக்குமே கேன்சர் வந்துச்சுங்க. இப்ப சீக்கிரம் களைச்சுப் போறோம். அதான் கொஞ்ச நேரம் படுத்துக்கறோம்."

வாடிக்கையாளர் ஒருவரிடம் அவர் இதைச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரியவரின் முகத்தில் சிடுசிடுப்பு போய், என்ன முகம் காட்டுவது என்று தெரியாத ஒரு முகம் வந்தது. கண்ணாடியை அவளிடம் நீட்டினார். அவள் உள்ளே எடுத்துப்போய்ச் சூடு காட்டி, நிமிர்த்தி, அவர் மூக்கில் வைத்து, காதுப் பக்கம் சரிபார்த்தாள். அவர் அப்படியே குனிந்து நின்றபடி, சின்னக் குரலில் கேட்டார்.

"இப்ப சரியாயிடுச்சா?"

கண்ணாடியைக் கேட்கிறாரா, உடம்பைக் கேட்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

"ஆயிடுச்சு" என்றார் முதலாளி.

"தெரியல" என்றாள் அவள், அதே நேரத்தில்.

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை விரலால் மெல்ல மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, தோண்டிய தெருவின் ஓரமாகப் பார்த்துப் பார்த்து நடந்து போனார்.